கொடுத்தவர் கை விலகிய பிறகு

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகலாம், அதன் இடத்துக்குக் குட்டி வரலாம். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. கல்வெட்டுகள் அந்த மந்தையைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. கொடுத்தவர் போய்ச் சேர்ந்திருப்பார், வாங்கிய இடையரும் போயிருப்பார். ஆடும் நெய்யும் விளக்கும் தொடரும். ஆற்காட்டுப் பகுதிக் கோயில் சுவர்களிலும் இத்தகைய கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு எது சொந்தம் என்று கேட்டால் பதில் சுலபமில்லை. கொடுத்தவர் ஆட்டைத் திரும்பக் கேட்க முடியாது. இடையர் அதை விற்றுத் தின்ன முடியாது. கோயில்கூட அந்த நெய்யை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது. ஆட்டின் மீது மனிதர் யாருக்கும் முழு உரிமை இல்லை. கொடுத்தவரின் நோக்கத்துக்கு மட்டும் எல்லோர் மீதும் உரிமை உண்டு.

தோலுக்குப் பேர்போன வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இன்று வேறொரு வகைக் கொடை சேர்ந்துகொண்டிருக்கிறது. மைனஸ் 70, 80 டிகிரி உறைபெட்டிகளில், விரல் அகலமே உள்ள பிளாஸ்டிக் குப்பிகளில், மனிதர்களின் சீரமும் மலமும் திசுவும் அடுக்கி வைக்கப்படுகின்றன. குப்பியின் மேல் பெயர் இருக்காது. ஒரு எண்ணும் பட்டைக் குறியீடும் இருக்கும். இரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கலாம். சில செல்களை ஆண்டுக்கணக்கில் ஆய்வகத்தில் வளர்க்கலாம். கொடுத்தவருக்குச் சாவும் மூப்பும் உண்டு, கொடுத்ததற்கு இல்லை.

உயிரி வங்கி என்பது இந்தக் குப்பிகளும், அவற்றோடு இணைந்த உடல்நலத் தகவல்களும் சேர்ந்தது. ஓர் ஆய்வாளர் அதிலிருந்து எடுக்க வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டும்: என்ன கேள்வி, எத்தனை பேரின் மாதிரி, எந்தத் தகவல், எவ்வளவு காலத்துக்கு. அறிவியல் குழு ஒன்று கேள்வியின் தரத்தைப் பார்க்கும். நெறிமுறைக் குழு, கொடுத்தவரின் சம்மதம் இதற்குச் செல்லுமா என்று பார்க்கும். பிறகு ஒப்பந்தம். எந்த எண் எந்த மனிதருடையது என்ற சாவி வங்கியிடமே இருக்கும். பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை, 40 வயது முதல் 69 வயது வரையிலான 5 லட்சம் பேரைச் சேர்த்தது; பிற நாட்டு ஆய்வாளர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் ஜீனோம் இந்தியா திட்டம் சேகரித்த சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதி 2025 ஜனவரி முதல் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னை ஐஐடியின் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி, அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை நோயாளியின் சம்மதத்தோடு சேமிக்கிறது.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது மாதிரி கொடுப்பவர் செய்வது என்ன? யாரென்று தெரியாதவருக்கு, இன்னும் யாரும் கேட்காத கேள்விக்காக, தன் உடம்பின் ஒரு துளியைக் கொடுக்கிறார். இது தானமா? அடைக்கலமா? கொடுத்த பிறகு அவருக்கு அதில் என்ன மிச்சம்? சட்டப் புத்தகம் இதைத் தொடுவதற்கு வெகு காலம் முன்பே மதங்கள் தொட்டுவிட்ட கேள்வி இது.

வேலூருக்கு இந்தக் கேள்வி 1986 பிப்ரவரியில் ரயிலில் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவை எய்ட்ஸ் பற்றி ஆய்வேடு எழுதச் சொல்லியிருந்தார். அந்த நோய் இந்தியாவில் இல்லை என்றே எல்லோரும் நம்பிய காலம். பாலியல் தொழிலாளர்கள் அடைக்கப்பட்டிருந்த சென்னை விடுதிக்கு நிர்மலா போய்வந்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவிடுவார். கையுறைகூட இல்லாமல் மூன்று மாதத்தில் சுமார் 80 பேரிடம் இரத்தம் எடுத்தார். பிரித்த சீரத்தை வைக்க வேறு இடமில்லை. வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்தார். எலைசா சோதனைக்குச் சென்னையில் வசதி கிடையாது. கணவனும் மனைவியும் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைராலஜி துறைக்குப் போனார்கள். டாக்டர் ஜேக்கப் ஜான் தலைமையில் இயங்கிய துறை அது. சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாயின.

அமெரிக்காவில் மறுசோதனை செய்து எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. மே மாதம் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடு முழுக்க இரத்தப் பரிசோதனையும் தடுப்புப் பணியும் தொடங்கக் காரணம் அந்த ஆறு மஞ்சள் குழிகள். எத்தனையோ பேரின் உயிர் அதனால் பிழைத்தது. இருந்த கொஞ்சநஞ்ச வசதியில், தங்களுக்கே தொற்றும் ஆபத்தோடு அவர்கள் செய்த வேலைக்கு இந்த நாடு இன்னும் உரிய அளவு நன்றி சொல்லவில்லை.

ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களுக்கு எந்த நோயைத் தேடுகிறார்கள் என்பது தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்தார்கள். அவர்கள் காவலில் இருந்தவர்கள். மாட்டேன் என்று சொல்லக்கூடிய இடத்தில் இல்லை. அன்று சம்மதம் கேட்கச் சொல்லும் விதியும் பெரிதாக நடைமுறையில் இல்லை என்பது உண்மை. அடுத்து நடந்ததுதான் கசப்பு. எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்தும் தமிழ்நாட்டு விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பிறகுதான், 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டது. அந்தப் பெண்கள் கொடுத்த இரத்தம் ஊரைக் காத்தது. அதே இரத்தம் சொன்ன தகவல் அவர்கள் மேல் பூட்டாக விழுந்தது.

தானம் என்ற சொல்லை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு போதாதது என்று தெரியும். தாரை வார்த்துக் கொடுப்பது என்பது நம் வழக்கம்: வாங்குபவர் கையில் நீரை ஊற்றி, இனி இது என்னுடையதல்ல என்று விலகுவது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வளர்ந்த மனம் நம்முடையது. மருத்துவமனை வரிசையில் நிற்கும் ஒரு பாட்டியிடம் இந்தப் படிவத்தை நீட்டினால், "எடுத்துக்கோங்க சாமி, யாருக்காவது ஒதவட்டும்" என்று ரேகை வைத்துவிடுவார். அந்தப் பெருந்தன்மையை வாங்குபவர்கள், அவர் முழுக்க விலகிவிட்டார், இனி நம் இஷ்டம் என்று எடுத்துக்கொள்வது மிகவும் எளிது. அமெரிக்காவில் ஜான் மூர் என்பவரின் மண்ணீரல் செல்களிலிருந்து மருத்துவர் அவருக்குத் தெரியாமல் காப்புரிமை பெற்ற வழக்கில், 1990இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது: மருத்துவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் வெட்டி எடுத்த செல் மூருடைய சொத்து அல்ல.

தாரை வார்த்த ஊரிலேயே இதற்கு மறுப்பும் இருக்கிறது. கோயிலுக்குத் தாரை வார்த்த நிலத்தையும் ஆட்டையும் என்ன செய்ய வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்களே, ஏன்? உடைமையை விட்டவர்கள் நோக்கத்தை விடவில்லை. தானம் என்றால் எல்லாவற்றையும் கைகழுவுவது என்ற எண்ணம் அந்தப் பழைய நடைமுறைக்கே பொருந்தாது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இதைக் கல்வெட்டு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. தோல் வணிகத்தில் பொருள் சேர்த்த முஸ்லிம் குடும்பங்களின் அறக்கொடைகளால் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் எழுந்த ஊர்கள் இவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. வக்ஃபு என்று ஒரு கடை எழுதி வைக்கப்பட்டால் அது இறைவனுடையதாகிவிடுகிறது. எழுதி வைத்தவர் திரும்ப எடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு வாரிசாகப் போகாது. பார்த்துக்கொள்ளும் முத்தவல்லிக்கு அதை விற்கும் உரிமை கிடையாது. கணக்குக் காட்டும் கடமை உண்டு. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று எழுதியிருந்தால் வாடகை அங்கேதான் போக வேண்டும். எழுதியவரின் நிபந்தனையைச் சட்டத்துக்கு நிகராக மதிக்கச் சொல்கிறார்கள் மார்க்க அறிஞர்கள். உடம்பைப் பற்றியும் இதே பார்வைதான்: அது மனிதனிடம் விடப்பட்ட அமானிதம், அவனே அதை விலைக்கு விற்கக் கூடாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சொந்த மரபும் வேறல்ல. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியின் அடியில், உக்கிராணக்காரரைப் பற்றிய வேதாகமப் போதனை இருக்கிறது. வீட்டுப் பொருளை நிர்வகிப்பவர் அதன் எஜமான் அல்ல. ஒருநாள் கணக்கொப்புவிக்க வேண்டியவர்.

மூன்று மரபுகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. கொடுத்தவர் கை விலகலாம். வாங்கியவர் அதனால் உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு இன்னும் ஒரு படி மேலே போகின்றன: மாதிரியும் தகவலும் கொடுத்தவருடையவை, நிறுவனம் பொறுப்பாளர் மட்டுமே, கொடுத்தவர் பின்னால் விலகிக்கொள்ளலாம். கலிபோர்னியா தீர்ப்போடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், காகிதத்திலாவது நம் நெறிமுறை எவ்வளவு நல்லது என்று விளங்கும்.

காகிதம் நடைமுறையாவது எப்படி என்பதற்கு வேலூரிலேயே பாடங்கள் உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கல்லூரி ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்தே கணக்கெடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் 26 முதல் 32 வயதுக்காரர்களாக ஆன பிறகு மறுபடி தேடிப்போய், 2,218 பேரைச் சோதித்தார்கள். குழந்தைப் பருவத்தில் ஒல்லியாக இருந்து பின்னால் எடை கூடியவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு அதிகம் வருகிறது என்பது தெரியவந்த வழிகளில் இதுவும் ஒன்று. இதில் மறைந்திருக்கும் கேள்வி அழகானது. முதலில் தகவல் கொடுத்தவர் தாய்; தகவல் பிள்ளையின் உடம்பைப் பற்றியது. பிள்ளை வளர்ந்து ஆளானதும், அம்மா சொன்ன 'சரி' இவரைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தக் கூடாது. தாய் பிள்ளைக்காகக் காத்து வைத்தவர். அவரும் ஒரு முத்தவல்லிதான். பிள்ளைக்கு வயது வந்ததும் கதவைத் தட்டி மறுபடி கேட்க வேண்டும்.

2002இல் தொடங்கிய இன்னொரு ஆய்வு, சின்னல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா பகுதிகளின் நெரிசலான தெருக்களில் நடந்தது. பீடி சுற்றும் வீடுகள் நிறைந்த தெருக்கள். 452 குழந்தைகள், மூன்று வயது முடியும்வரை தொடர்ந்தவர்கள் 373 பேர். களப்பணியாளர் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்குப் போவார். வயிற்றுப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் சேகரிப்பார். டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவு உலகத்தின் கணிப்பை மாற்றியது. மெக்சிகோவில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் இரண்டு முறை தொற்றிய குழந்தைக்கு அடுத்த முறை கடுமையான நோய் வருவதே இல்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இந்தத் தெருக்களின் குழந்தைகளைக் கேட்காமல் இந்தத் தெருக்களுக்கான தடுப்பூசியைத் திட்டமிட முடியாது என்பது அதன் பொருள்.

அடுத்து வந்த ரோட்டாவேக் தடுப்பூசிச் சோதனையில் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் 6,799 குழந்தைகள் பங்கேற்றார்கள். 2014இல் முடிவுகள் வெளியாயின; மூன்று மையங்களின் எண்களும் சேர்த்தே தரப்பட்டன. குடல் செருகல் என்ற பக்கவிளைவு வேலூரில் மட்டும் எத்தனை பேருக்கு வந்தது என்று தனியாக வெளியிடக் கேட்டுப் பொதுநல ஆர்வலர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். சிறிய எண்களைப் பிரித்துப் பார்த்தால் தவறான முடிவுக்கும் வீண் பயத்துக்கும் இட்டுச் செல்லும் என்பது எதிர்வாதம். அந்த வாதத்தில் அறிவியல் இருக்கிறது. ஆனாலும், தகவல் யாருடையது என்று கேட்டால், பங்கெடுத்த வேலூர்க் குழந்தைகளின் பெற்றோருக்கு அதைக் கேட்கும் உரிமை முதலில் இருந்தது. பொறுப்பாளர் கணக்கைப் பூட்டி வைக்கும்போது, கணக்கு நேராக இருந்தால்கூடச் சந்தேகம் வளரும்.

இதற்கு நேரெதிரான கவலையும் உண்மையானதே. கொடுத்தவரின் நோக்கத்தை இறுகப் பிடித்தால் ஆராய்ச்சியே நின்றுவிடாதா? ரோட்டா வைரசுக்காக எடுத்த மாதிரி நாளை டைபாய்டுக்கு உதவலாம். அதற்காக 373 வீடுகளின் கதவையும் மறுபடி தட்ட வேண்டுமா? பல குடும்பங்கள் ஊர் மாறியிருக்கும். குப்பி வீணாகக் கிடப்பது கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அறக்கட்டளைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே உண்டு. சத்திரம் கட்ட எழுதி வைத்த பணத்துக்கு இன்று சத்திரம் தேவைப்படவில்லை என்றால், மூல நோக்கத்துக்கு மிக அருகில் இருக்கும் வேறொரு நோக்கத்துக்கு அதைத் திருப்ப நீதிமன்றம் அனுமதிக்கலாம். குழந்தைகளின் குடல் நோயிலிருந்து குழந்தைகளின் வேறொரு நோய்க்குப் போவது அப்படிப்பட்ட அருகாமை. ஒரு சாதியின் பூர்வீகம் எது என்ற ஆய்வுக்குப் போவது அப்படி அல்ல.

அரிசோனாவில் நடந்தது அதுதான். ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 வாக்கில் நீரிழிவு ஆய்வுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்கள் எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. தாங்கள் வாழும் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களின் சமய நம்பிக்கை. 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த இரத்தத்தையும் திருப்பித் தந்தது. பெயரை அழித்துவிட்டால் தனிமனிதர் மறைந்துவிடுவார்; இனம் மறையாது.

தோல் வட்டாரத்தில் இந்த எச்சரிக்கை கூடுதல் கனம் உடையது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் தள்ளுவதும், மயிர் நீக்குவதும், குரோமியம் ஏறிய ஈரநீலத் தோலை டிரம்மிலிருந்து இழுப்பதும் பெரும்பாலும் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும் செய்யும் வேலை. இரத்தமும் தோலும் தீட்டு என்று சொல்லி, அவற்றைத் தொடும் வேலையையும் அவர்கள் தலையில் கட்டி, அந்த வேலைக்காகவே அவர்களை ஒதுக்கிய சமூகம் இது. அதே மக்களின் இரத்தம் இன்று அறிவியலுக்கு அரிய பொருளாகியிருக்கிறது. சாதிப் பெயரோடு ஒட்டிய மரபணுத் தகவல் ஒன்று பொறுப்பில்லாத கையில் கிடைத்தால், பழைய இழிவுக்குப் புதிய சான்றிதழ் எழுத எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

ஆனால் கொடுக்காமல் இருப்பதும் அவர்களுக்கு நன்மை அல்ல. வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது, மண்ணும் நீரும் சாட்சி சொன்னன. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதைத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் பாலாற்றங்கரையின் துயரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மண் மாதிரி உண்டு, கிணற்று நீர் மாதிரி உண்டு. அந்த நீரைக் குடித்தவர்களின், அந்தத் தொட்டியில் இறங்கியவர்களின் உடம்பு தலைமுறை கடந்து என்ன ஆனது என்பதைச் சொல்லக்கூடிய சேமிப்பு அதே அளவில் வேண்டும். முறையான உயிரி வங்கி ஒன்று அவர்களின் கையில் ஆதாரமாக மாறும்.

ஆதாரம் யார் கைக்குப் போகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தன் இரத்தத்தில் குரோமியம் கூடுதலாக இருப்பது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று தொழிலாளி பயப்படுவது இயல்பு. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த பயம். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்குப் பல விலக்குகளைத் தருகிறது. தனிமனிதரைப் பற்றிய முடிவுக்கு அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைதான் அதில் முக்கியமானது. அந்த நிபந்தனையை நம்பித்தான் டேனரித் தொழிலாளி கை நீட்ட வேண்டியிருக்கிறது.

யுகே பயோபேங்க், தான் அனுமதித்த ஆய்வுகளின் பட்டியலை எளிய மொழிச் சுருக்கத்தோடு யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. இந்த வட்டாரத்தில் சேரும் மாதிரிகளுக்கும் அது வேண்டும்: எந்த ஊர்க் கொடை, எந்த ஆய்வுக்கு, எந்த நிறுவனத்துக்குப் போனது, என்ன கண்டுபிடித்தார்கள் என்று தமிழிலும் உருதுவிலும், சின்னல்லாபுரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆம்பூர் தொழிற்சங்க அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் டாக்டர்களும் வக்கீலும் உட்காரும் மேசையில், தொட்டியில் இறங்கி வேலை பார்த்த ஒருவருக்கும் இடம் வேண்டும்; பெயரளவுக்கு அல்ல, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு. கூட்டம் வேலை நாளில் நடக்கும் என்பதால், அவருக்கு அன்றைய கூலியையும் அந்த வங்கிதான் தர வேண்டும்.